பிள்ளையை மல்யுத்தத்தில் சேர்க்கலாமா? மதுரையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் ஏழு வருடமாக ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம் செய்கிறாள். நான் பயிற்சியாளர் இல்லை. வில்லாபுரத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவள். ஆனால் ஏழு வருடமும் சாயங்காலமானால் மேட் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவளோடு ஊர் ஊராகப் போட்டிக்கும் போயிருக்கிறேன். ரேஷன் கடையிலும் கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் என்னை நிறுத்தி இதைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. இப்போது பிள்ளையைச் சேர்க்க நினைக்கிற அம்மா அப்பாக்களும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டிவியில் நாற்காலியைத் தூக்கி அடிப்பார்களே, அதுவா இது?

இல்லை. அது முன்கூட்டியே முடிவு செய்த காட்சி. இது ஒலிம்பிக் விளையாட்டு. 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம், ஒருவர் சிவப்பு உடை, இன்னொருவர் நீலம், மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று, நடுவில் 30 நொடி ஓய்வு. 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு சுற்று இரண்டு நிமிடம்தான். எதிராளியைக் கீழே தள்ளிப் பின்பக்கம் போய்க் கட்டுப்படுத்தினால் 2 புள்ளி, முதுகைத் தரைப்பக்கம் திருப்பிக் காட்டினால் 2, வட்டத்துக்கு வெளியே காலை வைக்க வைத்தால் 1, நின்ற நிலையிலிருந்து நேராக முதுகு விழும்படி தூக்கி எறிந்தால் 4, பெரிய வீச்சாக இருந்தால் 5. பத்துப் புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. இரண்டு தோளையும் தரையில் அழுத்திவிட்டால் புள்ளி எத்தனை இருந்தாலும் கணக்கில்லை, வெற்றிதான். நம் ஊரில் முதுகில் மண் ஒட்டினால் தோல்வி என்பார்களே, அதே கணக்கு.

கிரேக்க-ரோமன் என்று இன்னொரு வகை உண்டு. அதில் இடுப்புக்குக் கீழே தொடக் கூடாது. ஃப்ரீஸ்டைலில் காலைப் பிடிக்கலாம், காலால் இடறலாம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஃப்ரீஸ்டைல் மட்டும்தான், அதுவும் 2004 ஏதென்ஸிலிருந்துதான் வந்தது. இந்தியா மல்யுத்தத்தில் இதுவரை வாங்கிய எட்டு ஒலிம்பிக் பதக்கங்களும் ஃப்ரீஸ்டைலில் வந்தவை.

எந்த வயதில் சேர்க்க வேண்டும்?

பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் நல்லது. 2016 ரியோவில் வெண்கலம் வாங்கிய சாக்ஷி மாலிக் 12 வயதில் தொடங்கியவர். டோக்கியோவில் வெள்ளி வாங்கிய ரவி தாஹியா பத்து வயதிலேயே டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டார், ஊரிலிருந்து அவருடைய அப்பா பாலும் வெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுப்பாராம். பதினைந்து வயதில் வருகிறவர்களும் முன்னுக்கு வந்திருக்கிறார்கள், அதனால் நேரமாகிவிட்டது என்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

முதல் ஒன்றரை வருடம் பெரிதாக எதுவும் நடக்கிற மாதிரி தெரியாது, அதைச் சொல்லிவிடுகிறேன். கரணம் அடிப்பது, கழுத்தை ஊன்றிப் பாலம் போடுவது, விழுவது, விழுந்து எழுவது. என் மகள் வீட்டுக்கு வந்து "இன்னைக்கும் விழத்தாம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்று அலுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த விழுகைதான் பின்னால் எலும்பைக் காப்பாற்றுகிறது.

எங்கள் பையன் கபடி ஆடுகிறான், வாடிவாசலில் மாடும் பிடிப்பான். வரலாமா?

தாராளமாக வரலாம். அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்துப் பையன்கள் வந்தால் அவர்கள் கைப்பிடியைப் பார்த்து எனக்கே ஆசையாக இருக்கும், உடும்புப்பிடி. கபடிக்காரர்களுக்குக் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கிற தைரியம் ஏற்கெனவே இருக்கிறது, அது சொல்லிக்கொடுத்து வருவதல்ல. ஆனால் கபடியில் காலைப் பிடித்து நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது, மற்ற ஆறு பேரும் வந்து விழுவார்கள். இங்கே காலைப் பிடித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது, அவனைச் சாய்த்து, சுற்றிப் பின்னால் போய், திருப்பி எல்லாம் தனியாகவே செய்ய வேண்டும். கபடியிலிருந்து வந்த பையன்கள் முதல் ஆறு மாதம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பொறுத்துக்கொண்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

மாவட்டத்திலிருந்து சர்வதேசப் போட்டி வரை போகும் வழி என்ன?

மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி. 15, 17, 20, 23 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள், அப்புறம் சீனியர். தேசியத்தில் நன்றாகச் செய்தால் பயிற்சி முகாமுக்கும் தேர்வுப் போட்டிக்கும் கூப்பிடுவார்கள். தேர்வில் ஒரு எடைக்கு ஒருவர்தான் இந்திய அணியில் போக முடியும். அங்கிருந்து ஆசியப் போட்டி, உலகப் போட்டி. ஒலிம்பிக்கில் ஒரு எடைப் பிரிவுக்கு உலகம் முழுவதும் சேர்த்தே பதினாறு பேர்தான். இன்னொன்று பலருக்குத் தெரியாது. உலகப் போட்டியிலோ தகுதிப் போட்டியிலோ ஜெயித்து வாங்குகிற ஒலிம்பிக் இடம் அந்த வீரருக்குச் சொந்தமில்லை, நாட்டுக்குச் சொந்தம்.

தேசியப் போட்டிகள் பெரும்பாலும் வடக்கேதான். மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியில் ஏறினால் இரண்டு இரவு. எடையைப் பிடித்து வைத்திருக்கிற பிள்ளை, பக்கத்து சீட்டில் புளியோதரைப் பொட்டலம் பிரிக்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெற்றோராக அதைப் பார்க்கத் தயாராக இருங்கள்.

ஹரியானாக்காரர்கள் மட்டும் ஏன் ஜெயிக்கிறார்கள்? நம் பிள்ளைகளுக்குத் தெம்பு இல்லையா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள், இதற்குத்தான் தவறான பதிலும் அதிகம். உடம்பு வாகு, எருமைப்பால், நெய், பாதாம் என்று சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படி நினைத்து வீட்டுச் செலவை இழுத்துப் பிடித்து பாதாம் வாங்கிக் கொடுத்தவள்தான். ஏழு வருடம் பார்த்த பிறகு சொல்கிறேன், நம் பிள்ளைகளுக்குக் குறைவது எதிராளி.

சத்ரசால் ஸ்டேடியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுஷில் குமார், யோகேஷ்வர் தத், பஜ்ரங் புனியா, ரவி தாஹியா, அமன் ஷெராவத் எல்லோரும் வெவ்வேறு காலத்தில் அந்த ஒரே இடத்தில் புரண்டு எழுந்தவர்கள். 2008 பெய்ஜிங் முதல் 2024 பாரிஸ் வரை நடந்த ஐந்து ஒலிம்பிக்கில் ரியோவைத் தவிர எல்லாவற்றிலும் அங்கிருந்து ஒரு பதக்கமாவது வந்திருக்கிறது. அங்கே 57 கிலோ பையன் ஒருவன் காலையில் வந்தால் அவனோடு மோத அதே எடையில் வரிசையாக ஆள் நிற்பார்கள். ஒருவன் உயரம், ஒருவன் குட்டை, ஒருவன் இடதுகால் முன்னால் வைத்து நிற்பான், ஒருவன் கழுத்தையே பிடித்துத் தொங்குவான். ஒவ்வொரு உடம்பும் ஒரு பாடம். அதை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் படித்தவனுக்கு உலகப் போட்டியில் யார் வந்தாலும் இந்த மாதிரி ஆளை நாம் பார்த்திருக்கிறோமே என்று தோன்றும்.

என் மகள் பழகுகிற இடத்தில் எல்லா எடையும் சேர்த்து இருபது பிள்ளைகள்கூட இல்லை. அவள் எடையில் இன்னொரு பெண் மட்டும்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மனப்பாடம் செய்துவிட்டார்கள், இவள் தோளை அசைத்தாலே அவள் காலை இழுத்துக்கொள்வாள். அப்புறம் தேசியப் போட்டிக்குப் போனால் முதல் ஒரு நிமிடம் புதுப்பிடியைப் பார்த்துத் திகைத்து நிற்கிறாள், அந்த ஒரு நிமிடத்தில் ஆறு புள்ளி போய்விடுகிறது. தெம்பில்லாமல் போன புள்ளி அல்ல அது. சாக்ஷி ரோத்தக்கில் பழகியபோது பையன்களோடு மோதியே வளர்ந்தார், போகாட் சகோதரிகளும் அப்படித்தான், பெண்களில் ஆள் போதவில்லை என்பதால்தான். இங்கேயும் அதைச் செய்கிறார்கள். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது, இப்போது நானே கேட்டு வாங்கிப் பையன்களோடு மோத விடுகிறேன்.

பயிற்சியில் இந்தியில்தான் பேசுகிறார்களாமே?

முகாம்களில் ஆம். பிடிகளின் பெயரே இந்திதான். தோபி பச்சாட் என்பது துணியைத் தோளுக்கு மேலே வீசிக் கல்லில் அடிப்பதுபோல் ஆளை வீசுவது. ஃபித்லே என்பது இரண்டு கணுக்காலையும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு உருட்டுவது. ஒவ்வொரு உருட்டலுக்கும் இரண்டு புள்ளி விழும், 2012 லண்டனில் யோகேஷ்வர் தத் வெண்கலத்தை முடித்தது அந்தப் பிடியால்தான். பிள்ளைகள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். மொழி பெரிய தடையில்லை.

எடை குறைப்பது ஆபத்தாமே? அந்த 100 கிராம் விஷயம் என்ன?

பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் பெண்கள் 50 கிலோவில் இறங்கினார். அவர் வழக்கமாக ஆடியது 53. 2024 ஆகஸ்ட் 6 அன்று முதல் ஆட்டத்திலேயே ஜப்பானின் யுய் சுசாகியைக் கடைசி நொடிகளில் 3-2 என்று சாய்த்தார். சுசாகி அதுவரை சர்வதேசப் போட்டிகளில் 82 ஆட்டம் ஆடித் தோற்றதே இல்லை. அதே நாளில் இன்னும் இரண்டு பேரை ஜெயித்து வினேஷ் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். ஆனால் 2018 முதல் ஒரு எடைப் பிரிவின் போட்டி இரண்டு நாள் நடக்கிறது, இரண்டு நாள் காலையிலும் எடை பார்க்கிறார்கள். மூன்று ஆட்டத்துக்கு நடுவில் குடித்த தண்ணீரும் சாப்பாடும் சேர்ந்து அன்று இரவு 2.7 கிலோ கூடியிருந்தது. தூங்காமல் ஓடி, சௌனாவில் உட்கார்ந்து, முடியைக்கூட வெட்டியும், காலையில் 100 கிராம் அதிகம். தகுதி நீக்கம். வெள்ளியும் கிடையாது. அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. என் மகள் மூலையில் போய் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை பேசவில்லை.

அதே பாரிஸில் அமன் ஷெராவத் 57 கிலோவில் அரையிறுதி தோற்ற இரவு 4.6 கிலோ கூடியிருந்தார், பத்து மணி நேரத்தில் குறைத்து, மறுநாள் 13-5 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினார். 21 வயது, தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய இந்தியர்களில் மிக இளையவர். எல்லோரும் கொண்டாடினார்கள், நானும்தான். அடுத்த வருடம் 2025 உலகப் போட்டியில் அதே அமன் 1.7 கிலோ அதிகமாக வந்து ஆடாமலே வெளியேறினார். பாரிஸ் அரையிறுதியில் அமனைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கிய ஜப்பானின் ரெய் ஹிகுச்சியே 2021இல் 50 கிராமில் ஒரு தகுதிப் போட்டியை இழந்தவர். இவ்வளவு தேர்ந்தவர்களுக்கே இது கத்திமேல் நடப்பது.

அதனால் பெற்றோர்களிடம் நான் கையெடுத்துக் கேட்பது ஒன்றுதான். வளருகிற பிள்ளைக்கு எடை குறைக்காதீர்கள். என் மகளுக்குப் பதிமூன்று வயதில் ஒரு போட்டிக்கு முன்பு ஒருவர் சொன்னார், கீழ் எடையில் ஆள் கம்மி, மூன்று கிலோ இறக்கினால் பதக்கம் உறுதி என்று. நானும் தலையாட்டினேன். இரண்டு நாள் தண்ணீர் குறைத்து, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடவிட்டு, எடை சரியாக வந்தது. முதல் ஆட்டத்தில் முப்பது நொடியில் பிள்ளை கண் இருட்டி முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள். பதக்கமும் இல்லை, அதற்குப் பிறகு அவளுக்கு மாதவிடாய் சரியாக வர எட்டு மாதம் ஆனது. அன்றிலிருந்து அவள் உடம்பு எந்த எடையில் நிற்கிறதோ அந்தப் பிரிவில்தான் ஆடுகிறாள். அப்போது 46, இப்போது 53. சீனியர் ஆன பிறகு, மருத்துவர் துணையோடு, அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஒரு ஆட்டம் தோற்றால் அவ்வளவுதானா?

ரெபசாஜ் என்று ஒரு முறை இருக்கிறது. உங்களைத் தோற்கடித்தவர் இறுதிப் போட்டிக்குப் போனால் உங்களுக்கு வெண்கலத்துக்கு இன்னொரு வாய்ப்பு. ஒவ்வொரு எடையிலும் இரண்டு வெண்கலம். சுஷில் 2008இல், யோகேஷ்வர் 2012இல், சாக்ஷி 2016இல், மூன்று பேருமே ஒரு ஆட்டம் தோற்று இந்த வழியாக வந்தவர்கள். சாக்ஷி அந்த வெண்கல ஆட்டத்திலும் 0-5 என்று பின்தங்கியிருந்து 8-5 என்று முடித்தார். தோற்றதும் பிள்ளைக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துத் தேற்றிவிடாதீர்கள், இன்னொரு ஆட்டம் பாக்கி இருக்கலாம்.

மதினி, காது பூசணிக்காய் மாதிரி ஆகிவிடுமாமே, கல்யாணம் எப்படி ஆகும்?

காது மடலில் ரத்தம் கட்டி அப்படியே இறுகிவிடுவதால் வருவது அது. கட்டிய ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், பயிற்சியில் காதுக்கவசமும் போடலாம். நான் பயப்படுவது முழங்காலுக்கு. வினேஷ் ரியோவில் கால்இறுதியில் முழங்கால் ஜவ்வு போய் ஸ்ட்ரெச்சரில் போனவர். இரண்டே வருடத்தில் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார், ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவர்தான். எல்லோருக்கும் அப்படித் திரும்பி வர முடியாது. படர்தாமரையும் அடிக்கடி வரும், ஒரு பிள்ளைக்கு வந்தால் மேட் வழியாக எல்லோருக்கும் வரும், மறைக்காமல் சொல்லி வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தைப் பற்றி: சாக்ஷிக்கும் வினேஷுக்கும் ஆயிற்று, இரண்டு பேர் கணவரும் மல்யுத்த வீரர்கள்.

என்ன சாப்பாடு?

முட்டை, பயறு, சுண்டல், வேர்க்கடலை, கம்பங்கூழ், உளுந்தங்களி, ஞாயிற்றுக்கிழமை கறி. சைவமா என்று பயப்பட வேண்டாம், சுஷில் குமார் சைவம், 2010இல் உலக சாம்பியன். கடையில் டப்பாவில் விற்கிற பொடியை யார் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது.

பெண் பிள்ளையை அனுப்புவது பாதுகாப்பா?

மழுப்பாமல் சொல்கிறேன். 2023 ஜனவரியில் சாக்ஷி, வினேஷ், பஜ்ரங் மூன்று பேரும் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அப்போதைய இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு. டிசம்பர் 21 அன்று சாக்ஷி பத்திரிகையாளர்கள் முன்னால் தன் ஷூவை மேசைமேல் வைத்துவிட்டு அழுதுகொண்டே ஓய்வை அறிவித்தார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பெண்ணுக்கே தெருவில் உட்கார வேண்டியிருந்தது என்றால் பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு யார் பேசுவார்கள் என்று எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

அதனால் நான் செய்வது இது: தனியாக எங்கேயும் அனுப்புவதில்லை, முடியாத நேரத்தில் இன்னொரு பிள்ளையின் அம்மா போவார், நாங்கள் நாலைந்து பேர் முறை வைத்திருக்கிறோம். கதவு மூடிய அறையில் எடை பார்ப்பதோ உடம்பு பிடித்துவிடுவதோ பெண் ஒருவர் இல்லாமல் கிடையாது. விளையாட்டில் தொடுவது எது, தொடக் கூடாதது எது என்று மகளுக்குப் பத்து வயதிலேயே விளக்கியிருக்கிறேன், அவள் புகார் சொன்னால் முதலில் நம்புவேன் என்று அவளுக்குத் தெரியும். விளையாட்டை விட்டு நிறுத்துவது இதற்குப் பதிலாகாது.

இதனால் வேலை கிடைக்குமா, காசு வருமா?

சர்வதேசப் பதக்கம் வந்தால் வரும். ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, ராணுவம், போலீஸ் மூன்றும் மல்யுத்தக்காரர்களை எடுக்கிற இடங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் உள்ள பத்து வருடத்தை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. 1952 ஹெல்சிங்கியில் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கியவர் மகாராஷ்டிரத்தின் கே. டி. ஜாதவ், இதே ஃப்ரீஸ்டைலில், 57 கிலோவில் வெண்கலம். அவரை அனுப்பக் காசில்லாமல், அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை 7000 ரூபாய்க்கு அடமானம் வைத்தார். திரும்பி வந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் வரவேற்கப் போயின. இந்தக் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் மகளின் ஷூவுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் ஒரு ஜோடி வளையலை வைத்தவள், இன்னும் மீட்கவில்லை. படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரு முழங்கால் போனால் அடுத்த நாள் கையில் இருக்கப்போவது அந்தச் சான்றிதழ்தான்.

உங்கள் மகள் இந்தியாவுக்கு ஆடுவாளா?

தெரியாது. தேசியத்தில் இரண்டு முறை கால்இறுதி வரை போயிருக்கிறாள். இப்போது அவளுக்கு வேண்டியது 50 முதல் 57 கிலோவுக்குள் நாலு பெண்கள், புதுப் பிடியோடு வருகிறவர்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, எங்கே இருந்தாலும் சரி, கபடியோ ஜூடோவோ சிலம்பமோ எது பழகியிருந்தாலும் சரி, ஒரு சாயங்காலம் ஐந்தரை மணிக்கு உங்கள் பிள்ளையை அழைத்து வாருங்கள். ஷூ இல்லாவிட்டால் பரவாயில்லை, இவளுடைய பழைய ஜோடி இருக்கிறது. நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டு அனுப்புங்கள்.